நிழலை அளந்து பாருங்கள்: ஓடுகிற பிள்ளைகளும் வைட்டமின் டியும்

நாளைக் காலையில் மைதானத்துக்குப் போகும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஏழு மணிக்கு சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் விழுகிற உங்கள் நிழலை அடிமேல் அடி வைத்து அளந்து பாருங்கள். கொளுத்துகிற ஏப்ரல் மாதத்தில்கூட சேலத்தில் அந்த நேரத்து நிழல் உங்கள் உயரத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும். நிழல் நம் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை அந்த வெயிலில் நம் தோல் தயாரிக்கிற வைட்டமின் டி மிகமிகக் குறைவு. நம் பிள்ளைகள் ஓடுவது, குதிப்பது, பந்து போடுவது எல்லாமே அந்த நேரத்தில்தான். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை, அப்புறம் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை. நடுவில் பள்ளிக்கூடக் கூரை.

"வெயில் ஊர்ல இருக்கோம், பையன் நாள் பூரா கிரவுண்ட்ல கிடக்கிறான், அவனுக்கு எப்படிங்க வைட்டமின் டி குறையும்?" என்று கேட்காத பெற்றோரே இல்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலை இளவெயில் உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம், நல்லதுதான், மனதுக்கும் தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் வைட்டமின் டி உண்டாக்குகிற கதிர் வேறு. புற ஊதா பி என்கிற அந்தக் கதிர், சூரியன் சாய்வாக இருக்கும்போது காற்று மண்டலத்தை நீளவாக்கில் கடந்து வரவேண்டியிருப்பதால், வழியிலேயே ஓசோன் அதை உறிஞ்சிவிடுகிறது. வெளிச்சம் வரும், சூடு வரும், அந்தக் கதிர் மட்டும் வராது. தோல் கறுப்பதை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். புற ஊதா ஏ என்கிற இன்னொரு கதிரும் கறுக்க வைக்கும், அதனால் வைட்டமின் டி வராது.

என்னிடம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண், நானூறு மீட்டர், பதினாறு வயது. கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் உள்பக்கத்தில் வலிக்கிறது என்றாள். ஐஸ் வை, இரண்டு நாள் மெதுவாக ஓடு என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் இப்படியே ஓட்டினோம். ஒரு நாள் பயிற்சி முடிந்து உட்கார்ந்தவள், ஒரு விரலால் எலும்பின் மேல் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினாள், கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், அங்கே நான் லேசாக அழுத்தியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்கேனில் எலும்பில் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப ஓடிய அழுத்தத்தில் எலும்பில் விழுகிற மெல்லிய விரிசல். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11, இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடு. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை, சேலத்துக்குப் பொருந்துகிற மாதிரி, இங்கே சொல்கிறேன்.

முதலில் இது உடம்பில் என்ன செய்கிறது என்று சுருக்கமாக. வெயில் பட்டதும் தோலில் இருக்கிற ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டியாக மாறும். கல்லீரல் அதை ஒரு படி மாற்றும், சிறுநீரகம் இன்னொரு படி மாற்றும், கடைசியில் வருவதுதான் குடலில் போய்ச் சாப்பாட்டில் உள்ள கால்சியத்தை உள்ளே இழுக்கிறது. இது போதுமான அளவு இருந்தால் சாப்பிட்ட கால்சியத்தில் சுமார் 30 முதல் 40 சதவீதம் உடம்பில் சேரும், இல்லையென்றால் 10 முதல் 15 சதவீதம்தான். நம் ஊரில் பிள்ளைக்கு எலும்பு பலப்படட்டும் என்று ராகிக் களி கிண்டிப் போடுகிறோம். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அருமையான சாப்பாடு. ஆனால் வைட்டமின் டி இல்லாத உடம்பில் அதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். அம்மா கிண்டிய களி வீணாகிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஓடுகிறவர்களுக்கு ஏன் இது மற்றவர்களைவிட முக்கியம் என்றால், ஒவ்வொரு அடியிலும் எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஓய்வில் அது சரியாகிக்கொண்டே இருக்கிறது. சரிசெய்யக் கால்சியம் வேண்டும். 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கடற்படைப் பயிற்சியில் சேர்ந்த 5,201 பெண்களில் ஒரு பாதிக்குத் தினமும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் எட்டு வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு அழுத்த முறிவு 20 சதவீதம் குறைவாக வந்தது. அதற்காக இது மந்திர மாத்திரை இல்லை. ஏற்கெனவே சரியான அளவில் இருக்கிறவர்களுக்கு இன்னும் அள்ளிக் கொடுத்தால் வேகம் கூடும், டைமிங் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறையை நிரப்புவதற்குத்தான் பலன்.

சரி, வெயில் எப்படி எடுப்பது? நிழலே கடிகாரம். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம்தான் வேலைக்கு ஆகிற நேரம். சேலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு வருஷம் முழுக்க அந்த நேரம் கிடைக்கிறது, வடக்கு நாடுகளில் குளிர்கால மாதங்களில் அது கிடைக்கவே கிடைக்காது. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை, பன்னிரண்டேகால் வாக்கில். ஏப்ரலில் காலை ஒன்பதேகாலிலிருந்து மாலை மூன்றேகால் வரைக்கும் நிழல் குட்டையாக இருக்கும். டிசம்பரில் சுமார் பத்தேகாலிலிருந்து இரண்டு மணி வரைதான். திருப்பதியில் செய்த ஆய்வும் பதினொன்றிலிருந்து இரண்டு வரை உள்ள வெயிலே நல்லது என்றுதான் சொல்கிறது. அது நம் ஊரைவிடக் கொஞ்சம் வடக்கே, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அந்த வெயில்ல நின்னா புள்ள மயங்கி விழுந்துடுங்களே" என்பது நியாயமான பயம். நான் சொல்வது அந்த நேரத்தில் ஓடச் சொல்லி இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் பயிற்சி வைக்கவே கூடாது. வெறுமனே இருபது, முப்பது நிமிடம், கை கால் வெளியே தெரிய, உட்கார்ந்தாலும் போதும், நடந்தாலும் போதும். வாரத்துக்கு மூன்று நான்கு நாள். கோடையில் ஒன்பதரை வாக்கிலேயே அதை முடித்துவிடலாம், நிழல் அப்போதே குட்டையாகிவிடும், சூடு உச்சத்துக்குப் போயிருக்காது. பனிமாதத்தில் பதினொன்றுக்கு உட்கார்ந்தால் சுகமாகவே இருக்கும். தோல் சிவந்து எரிய ஆரம்பிக்கும்வரை ஒருநாளும் நிற்கக்கூடாது. அதற்கு முன்பே தோல் வேண்டியதைச் செய்து முடித்திருக்கும், அதற்கு மேல் நின்றால் கூடுதலாக எதுவும் சேராது, தோல்தான் கெடும். கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிட அதிக நேரம் வேண்டும், அதனால் வெளிநாட்டு வீடியோவில் சொல்கிற ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கணக்கு நமக்கு ஒத்துவராது.

முகத்தைக் காட்டினால் போதும் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. முகம் உடம்பில் ரொம்பச் சின்னப் பரப்பு. கை முழுசாக, முழங்காலுக்குக் கீழே கால், முடிந்தால் முதுகு, இவைதான் கணக்கில் வரும். இது பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசும்போது எனக்கு ரொம்ப உதவுகிற விஷயம். "கறுத்துப் போயிடுவாளுங்க சார்" என்று தயங்குகிறவர்களிடம், தொப்பி போடட்டும், முகத்தில் துப்பட்டா கட்டிக்கொள்ளட்டும், கையையும் காலையும் மட்டும் வெயிலில் காட்டச் சொல்லுங்கள் என்பேன். பொது இடத்தில் அது முடியாத வீடுகள் இருக்கின்றன, அதைப் புரிந்துகொள்ளவேண்டும். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற நேரத்தை ஒன்பதரை, பத்துக்குத் தள்ளி வைத்து, அரைக்கை போட்டுக்கொண்டு பிள்ளையையும் கூட மாடிக்கு அழைத்துப் போகட்டும். அம்மாவுக்கும் சேர்த்து நல்லது.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சியை நான் மாற்றிவிட்டேன். எட்டுக்கு ஆரம்பித்து, ஒன்பதரை, பத்து வாக்கில் கடைசி அரை மணி நேரத்தை ஸ்ட்ரெச்சிங், வீடியோ பார்த்துப் பேசுவது, ஷூ துடைப்பது என்று வெட்டவெளியில் வைத்துக்கொள்கிறோம், டிராக் பேண்ட்டையும் மேல் ஜாக்கெட்டையும் கழற்றிவிட்டு. பள்ளி நாட்களில் மதிய இடைவேளைதான் ஒரே வழி. சாப்பிட்டு முடித்தபிறகு வராண்டாவில் நிற்காமல் கால் மணி நேரம் வெளியே நடக்கச் சொல்லுங்கள். வகுப்பறை ஜன்னல் ஓரத்தில் வெயில் மேலே படுகிறதே என்றால், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், பயனில்லை.

ஷட்டில், டேபிள் டென்னிஸ், பளு தூக்குதல், கூரைக்குக் கீழே மேட் விரித்து ஆடுகிற கபடி, மூடிய நீச்சல் குளம், இந்தப் பிள்ளைகள்தான் எனக்கு அதிகக் கவலை. காலையும் மாலையும் கூரை, நடுவிலும் கூரை. பெரியவடகம்பட்டியிலிருந்து போன மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதையும், சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய கிரிக்கெட் அணிக்குப் போனதையும் சொல்லிக்கொண்டு எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் டவுனுக்கு வந்து விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். ஊரில் இருந்தவரைக்கும் காட்டு வேலை, ஆடு மேய்ப்பது என்று மதிய வெயில் தானாகப் பட்டது. விடுதிக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மலை மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்று கணக்கு. ஆனால் அங்கே யார் அரைக்கை போட்டுக்கொண்டு வெட்டவெளியில் நிற்கிறார்கள்? மூடுபனி, மேகம், ஸ்வெட்டர், காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழல். மேகம் விலகிப் பளிச்சென்று அடிக்கிற மதியங்களைத் தவறவிடாதீர்கள், அப்போது குளிர்காற்றில் சூடு தெரியாது என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்துவிடுங்கள், தோல் கன்றிவிடும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுகிற சைக்கிள்காரர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டு, எட்டரைக்குள் கீழே வந்துவிடுகிறீர்கள், அதுவும் முழுக்கை ஜெர்சி, கையுறையோடு. மூன்று மணி நேரம் வெளியே இருந்தும் உங்கள் தோலுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நேராகச் சொல்லிவிடுகிறேன், சாப்பாட்டில் மட்டும் இதை நிரப்ப முடியாது. ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிற அளவு ஒரு நாளைக்கு 600 யூனிட். ஒரு முட்டையில் சுமார் 40 யூனிட், அதுவும் மஞ்சள் கருவில். ஜிம்முக்குப் போகிற பையன்கள் வெள்ளைக் கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டில் ஒதுக்கி வைக்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தாலே மனசு கேட்காது. வளர்கிற பையன், தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவன், முழு முட்டை தின்னட்டும். மீன் வாங்குகிற வீடுகளில் எண்ணெய்ப் பிடிப்புள்ள மத்தி, அயிலை நல்லது. பால் பாக்கெட்டிலும் எண்ணெய்ப் பாக்கெட்டிலும் பிளஸ் எஃப் என்ற நீல முத்திரை இருக்கிறதா பாருங்கள், அது சத்து சேர்த்தது என்பதற்கு அடையாளம். அப்படிச் சேர்த்த பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் இருக்கும், ஒரு டம்ளருக்கு 40 முதல் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்கு ஒரு நல்ல வழி காளான். பட்டன் காளானை நறுக்கி, மதிய வெயிலில் ஒரு தட்டில் அரை மணி நேரம் பரப்பி வைத்தால் அதுவும் நம் தோலைப் போலவே வைட்டமின் டி தயாரிக்கும். சந்தையிலிருந்து வாங்கி வந்து அப்படியே குழம்பு வைத்தால் அது கிடைக்காது.

எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. எலும்பில் திரும்பத் திரும்ப வலி வருகிறவர்கள், ஏற்கெனவே அழுத்த முறிவு வந்தவர்கள், காரணம் தெரியாத தசைவலியும் அசதியும் வாரக்கணக்கில் விடாதவர்கள், கூரைக்குக் கீழேயே விளையாடுகிறவர்கள் எடுத்துப் பார்க்கலாம். லேபில் கேட்கவேண்டியது 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. பெயரில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி 1,25 என்று இன்னொரு பரிசோதனை உண்டு, அது வேறு, உடம்பில் குறைவாக இருக்கும்போதுகூட அது குறையே இல்லாதது போன்ற எண்ணைக் காட்டலாம். ரிப்போர்ட்டில் நானோகிராம் கணக்கில் எண் வரும். 20க்குக் கீழே என்றால் குறைபாடு, 20 முதல் 30 வரை போதாது என்று பல லேபுகள் அச்சடிக்கின்றன, 20க்கு மேல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்று சொல்கிற மருத்துவக் குழுக்களும் உண்டு. அதனால் 27 வந்ததற்காகப் பதறாதீர்கள். வேறு லேபில் நானோமோல் கணக்கில் கொடுத்திருந்தால் அதை 2.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 50 என்ற எண்ணைப் பார்த்து நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள், உண்மையில் அது 20தான்.

இனி மாத்திரை. இந்த இடத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கிற 60,000 யூனிட் மாத்திரையோ பொடியோ வாரத்துக்கு ஒன்றுதான், வழக்கமாக எட்டு வாரம், அதுவும் மருத்துவர் எழுதித் தந்தால். அதைத் தினமும் போட்டுக்கொண்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். சீட்டில் எழுதியிருந்தது அவனுக்குப் புரியவில்லை, வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல் என்று போனபோதுதான் தெரிந்தது. இது கொழுப்பில் கரைகிற சத்து, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும், சிறுநீரகம் அடிவாங்கும். அதனால் சீட்டில் நாளைக் குறித்து, ஒவ்வொரு ஞாயிறு மதியமும் என்று ஒரே கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள், காலண்டரில் வட்டம் போடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். முட்டையோ பாலோ எண்ணெய் சேர்ந்த குழம்போ உள்ள சாப்பாட்டுக்குப் பின்னால் போட்டால் நன்றாக உறிஞ்சும்.

ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்றே போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்பேன். ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடத்தான் செய்தது. 2010இல் வெளிவந்தது. அவர்கள் வயது வேறு, நம் பிள்ளைகள் வயது வேறு, ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே உடம்புக்கு ஒத்துப்போகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள், குடும்பத்தில் அடிக்கடி கல் வருகிறவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் எதையும் தொடவேண்டாம்.

மாநில, தேசிய அளவில் ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று. வைட்டமின் டி தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. ஆனால் அதோடு பத்துப் பொருள் கலந்து டப்பாவில் விற்கிற பவுடர்களில் என்ன இருக்கிறது என்று லேபிளை வைத்து முழுசாக நம்பமுடியாது, பரிசோதனையில் மாட்டினால் தெரியாமல் சாப்பிட்டேன் என்பது எடுபடாது, விளையாட்டு வீரர்தான் பொறுப்பு. மருந்துக்கடையில் வைட்டமின் டி மட்டும் உள்ள மாத்திரையை வாங்கி, பில்லையும் அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, எண்ணைச் சரிசெய்தால் வலி போய்விடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். காலின் முன்னெலும்பு முழுக்கப் பரவலாக வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய உரசல் வலி. ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, ராத்திரியிலும் வலிக்கிறது என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம், அதை வைத்து ஒன்றுமில்லை என்று மறுபடி ஓடவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அம்மாவோ பெண் ஆசிரியையோ கேட்டே ஆகவேண்டும். மூன்று மாதமாக வரவில்லை என்றால், ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது பெரிய அறிகுறி, எலும்பும் அதனால்தான் மெலியும். என் நானூறு மீட்டர் பெண்ணுக்கும் அது இருந்தது. காலையில் ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கெட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்திருக்கிறாள், பயிற்சி முடிந்து பஸ் பிடித்து நேராகப் பள்ளிக்கூடம், அடுத்த சாப்பாடு மதியம்தான். வெறும் வைட்டமின் டி மாத்திரையை மட்டும் கொடுத்திருந்தால் அவள் எலும்பு கூடியிருக்காது.

அவளுக்கு ஆறு வாரம் ஓட்டம் இல்லை. தண்ணீரில் ஓட்டம், சைக்கிள். காலையில் இரண்டு முழு முட்டையும் வாழைப்பழமும் அவள் பையில் வந்தன, மருத்துவர் எழுதிய எட்டு வார மாத்திரை, மதிய இடைவேளையில் கால் மணி நேர வெயில். மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை எடுத்தோம், அதற்கு முன்னால் எடுத்தால் எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது. 34 வந்தது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவளுக்கு நான் கொடுத்தது இருநூறு மீட்டர், நான்கு தடவை, முக்கால் வேகத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான்கு நிமிடம் நடை.